தாயின் அருகில் ஒருவர்: பெருந்தொற்றுக் காலம் கற்பித்த பேறுகால மனநலப் பாடம்

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அங்கே வெந்நீர் காய்ச்சிக் கொடுக்க ஒருவர், பத்தியச் சமையல் செய்ய ஒருவர், இரவில் குழந்தை அழுதால் தூளியை ஆட்ட ஒருவர் என்று அவளைச் சுற்றிப் பல கைகள் இருக்கும். இந்த ஏற்பாட்டை உடல் தேறுவதற்கானது என்றே நாம் எண்ணி வந்தோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அந்தக் கைகள் ஒரே நாளில் விலகிப்போயின. அவை தாயின் மனத்தையும் தாங்கி வந்தன என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

நீலகிரியில் இதன் அழுத்தம் சற்று மிகுதியாகவே இருந்தது. ஜெகதளா, அருவங்காடு, காட்டேரி, குன்னூர்ப் பகுதிகளில் சமவெளியிலிருந்து வாழவந்த பெண்கள் பலர் உள்ளனர். இங்கிருந்து கீழே வாழ்க்கைப்பட்டுப் போனவர்களும் பலர். கணவன்மார் பலருக்குப் பிழைப்பு கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறது. பேருந்துகள் நின்றன, மலை இரயிலும் நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது. 2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கிய பின்னரும், நீலகிரிக்கு வருவோருக்கு அது தொடர்ந்தது. மகளின் பேறுகாலத்திற்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர வேண்டிய தாய், கைப்பேசித் திரையில் பேரக்குழந்தையைப் பார்த்துக் கண்ணீர் விட்டதோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது.

அந்தக் காலம் கடந்துவிட்டதே, இப்போது இதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் மலைப்பாதையில் மண்சரிவும், குளிர்காலத்துக் காய்ச்சலும் ஆண்டுதோறும் வருகின்றன. வீட்டில் ஒருவருக்குச் சளி இருமல் என்றால், பிரசவித்த தாயைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடும் பழக்கம் பெருந்தொற்றுக்குப் பிறகு பல குடும்பங்களில் நிலைத்துவிட்டது. எனவே இப்பாடம் இன்றைக்கும் உரியதே.

சுமை எங்கிருந்து வருகிறது

மகப்பேற்றுக்குப் பின் நஞ்சுக்கொடி வெளியேறியதும், கருக்காலம் முழுவதும் உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் அளவு சில நாள்களிலேயே வெகுவாகக் குறைகிறது. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணிக்கொரு முறை பால் கேட்கிறது. உடலில் வலி இருக்கிறது. இவை எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானவை. ஆயினும் எல்லாரும் நோயுறுவதில்லை. சிலர் மட்டும் ஏன் நோயுறுகின்றனர் என்பதுதான் குடும்பத்தார் அறிய வேண்டியது.

இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கிராமப்புறப் பெண்கள் 359 பேரைக் கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களிலும், பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் கண்டு பேசினர். அதன் முடிவுகள் 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியாயின. பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 11 விழுக்காட்டினர். யார் யாருக்கு அது மிகுதியாக வந்தது என்று பார்த்தபோது கிடைத்த விடைகள் எந்த மாமியாருக்கும் கணவருக்கும் புரியக்கூடியவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் குழந்தை பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கருக்காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் கைத்துணை இல்லாமை.

கடைசியாகச் சொன்னதைச் சற்று நிறுத்திப் படியுங்கள். பெருந்தொற்று வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கைத்துணை இல்லாமை நோய்க்கு வழிவிடுகிறது என்று கண்டறியப்பட்டிருந்தது. 2020இல் அந்த நிலையே ஊருக்கெல்லாம் விதியாயிற்று. வருமானம் நின்றது, சாவுச் செய்திகள் வந்தபடி இருந்தன, வீட்டில் அடைபட்டவர்களிடையே மனக்கசப்பு வளர்ந்தது என்று அந்தப் பட்டியலின் பிற காரணங்களும் உடன் சேர்ந்துகொண்டன. அதற்கு முன்பே இந்தியத் தாய்மாரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கு இச்சோர்வு உண்டு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் வெளியிட்ட கட்டுரை கணித்திருந்தது. ஐவரில் ஒருவருக்கு மேல் என்பது சிறிய எண்ணிக்கையன்று.

மூன்று நிலைகள்

பேற்றுக்குப் பின் மூன்றாம் நாள் தொடங்கி ஐந்தாம் நாளுக்குள் காரணமின்றி அழுகை வருவதும், சட்டென்று எரிச்சல் மூள்வதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாரிடம் காணப்படும். இது தற்காலிகத் தளர்வு. இரண்டு வாரத்திற்குள் தானே நீங்கும். மருந்து தேவையில்லை, உறக்கமும் ஆறுதலும் போதும்.

அந்த இரண்டு வார எல்லையைத் தாண்டியும் சோகம் நீடித்தால், எதிலும் நாட்டமின்றிப் போனால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், உணவு பிடிக்காமல் போனால், “நான் நல்ல தாயில்லை” என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அது மனச்சோர்வு நோய். சிலரிடம் சோகத்தைவிடப் பதற்றமே மேலோங்கி நிற்கும். பெருந்தொற்றுக் காலத்தில் நாங்கள் மிகுதியாகக் கண்டது இந்த வகையைத்தான். குழந்தையின் மூச்சை நிமிடத்திற்கு நிமிடம் சோதிப்பர். தோல் வெடிக்குமளவுக்குக் கைகளைக் கழுவுவர். தம் மூச்சே குழந்தைக்கு நஞ்சாகிவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வர். இவற்றைக் குடும்பத்தார் “பொறுப்பான பெண்” என்று பாராட்டிக்கொண்டிருந்ததும் உண்டு.

மூன்றாவது நிலை அரிதானது. ஆயிரம் தாய்மாரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்கும். இரவு முழுதும் உறக்கமில்லாமை, தொடர்பற்ற பேச்சு, இல்லாத குரல்கள் கேட்பது, வீட்டாரே குழந்தைக்குத் தீங்கு செய்வர் என்ற ஐயம், இடமும் நேரமும் புரியாத குழப்பம் ஆகியவை இந்த மனப்பிறழ்வின் அடையாளங்கள். முன்னோர் பிரசவ சன்னி என்று குறிப்பிட்டவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். குழப்பத்தோடு காய்ச்சலும் இருந்தால் கருப்பையில் சீழ்த்தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். அதுவும் உயிருக்கு ஆபத்தானது. எதுவாயினும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. அதை நாங்கள் தடுப்பதில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டே புறப்பட்டு வாருங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியே விட வேண்டாம்.

தனிமை என்பது எதுவரை

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் நாங்கள் கண்ட பல தாய்மாரின் அனுபவங்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பெண்ணின் கதைபோல இங்கே சொல்கிறோம். எவருடைய தனிப்பட்ட விவரமும் இதில் இல்லை. சமவெளியிலிருந்து தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிற்கு வாழவந்தவள் அவள். கணவன் திருப்பூரில் சிக்கிக்கொண்டான். பெண் குழந்தை பிறந்து பத்தாம் நாள், பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. அஞ்சிய மாமியார், தாயையும் சேயையும் உள்ளறையில் இருத்தி, வேளைதோறும் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றார். அவர் செய்தது அன்பினால்தான். முதல் வாரம் அந்தப் பெண் அழுதாள். பிறகு அழுகையும் நின்றது. கூப்பிட்டால் பதில் வருவதும் நின்றது. “குளிர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று வீட்டார் எண்ணினர். ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது செவிலியர் அவளைத் தனியே அமர்த்தி, “பாப்பா எப்படியிருக்குன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. நீ எப்படியிருக்கேம்மா?” என்று கேட்டார். அதற்குப் பின்னரே, குழந்தையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் இல்லாமற்போவது நல்லது என்று பல நாள்களாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது.

அவள் தேறினாள். ஆலோசனையும் மருந்தும் அதற்கு உதவின. இரத்தசோகை கடுமையாக இருந்தது. அதற்கும் மருத்துவம் செய்யப்பட்டது. ஆனால் சிகிச்சைச் சீட்டில் முதல் வரியாக எழுதப்பட்டது வேறொன்று: மாமியார் முகக்கவசம் அணிந்துகொண்டு இரவில் அதே அறையில் படுக்க வேண்டும்.

கிருமியிடமிருந்து விலகியிருப்பதும் மனிதரிடமிருந்து விலகியிருப்பதும் ஒன்றாகக் கருதப்பட்டதே அந்தக் காலத்தின் பெருங்குழப்பம். வீட்டிலுள்ள பத்துப்பேரும் குழந்தையைக் கொஞ்ச வேண்டியதில்லை. நோய்க்குறி ஏதும் இல்லாத ஒருவரைத் துணையாகக் குறித்துவிட வேண்டும். அவர் வெளிக்கூட்டங்களுக்குச் செல்லாமல், கைகழுவி, முகக்கவசம் அணிந்து, தாயின் அருகிலேயே இருக்க வேண்டும். வருவோர் போவோரை வாசலோடு நிறுத்துவதும் அவர் பொறுப்பே. அவருக்கு நோய்க்குறி தென்பட்டால் யார் அந்த இடத்திற்கு வருவார் என்பதையும் பிரசவத்திற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாயிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது. அவள் விரும்பும் துணை, நீங்கள் நினைக்கும் ஆளாக இல்லாமல் இருக்கலாம்.

தாய்க்கே தொற்று ஏற்பட்டால் என்ன செய்வது? 2020இன் தொடக்கத்தில் சில நாடுகளில் தாயையும் சேயையும் பிரித்து வைத்தனர். கொரோனா தொற்றுள்ள தாயும் முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவி, குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது. தாயின் உடல்நிலை அதற்கு இடங்கொடுக்காதபோது பாலைப் பிழிந்தெடுத்துத் தரலாம். குழந்தைக்கு முகக்கவசம் அணிவிக்கக் கூடாது. எல்லாத் தொற்றுக்கும் இதே விதி பொருந்தும் என்று கொள்ளவும் கூடாது. சின்னம்மை போன்றவற்றுக்கு முறை வேறு. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே மலைவாழ் மக்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தனி அறை என்றதும் குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து, உள்ளே கரி அடுப்பை மூட்டி வைப்பவர்கள் உண்டு. மூடிய அறையில் எரியும் கரி, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். உறங்குபவர்கள் உறக்கத்திலேயே உயிரிழப்பர். கம்பளி போதும். கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்.

இரவு உறக்கம்

தாய்க்குச் செய்யக்கூடிய உதவிகளில் எது முதலாவது என்று எங்களைக் கேட்டால், தயங்காமல் உறக்கம் என்போம். “தைரியமாக இரு”, “நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா” என்னும் சொற்கள் உதவுவதில்லை. பல நேரங்களில் புண்படுத்துகின்றன. தொடர்ந்து நான்கு அல்லது ஐந்து மணி நேரம் உறங்கிய தாய், மறுநாள் காலையில் வேறொரு பெண்ணாக எழுவதை நாங்கள் வார்டிலேயே பார்க்கிறோம்.

இதை நடைமுறையில் செய்ய இயலும். இரவு ஒன்பது மணியளவில் தாய் பால் கொடுத்துவிட்டுப் படுக்கட்டும். அதன்பின் குழந்தையை ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் துணையிருப்பவரின் வேலை. இடையில் ஒருமுறை, முன்னரே பிழிந்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். 25 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் அது நான்கு மணி நேரம் கெடாமலிருக்கும். இதற்கு நம் ஊர்க் குளிர் பெரும்பாலும் துணைசெய்யும். முதல் சில வாரங்களில் பால் சுரப்பு நிலைபெறாத தாய்மாருக்கு இந்த முறை ஒத்துவராமல் போகலாம். அப்போது குழந்தையைத் தாயிடம் கொண்டுவந்து, பால் குடித்து முடித்ததும் உடனே எடுத்துச் சென்றாலே போதும். அவள் எழுந்து நடமாட வேண்டியிராது. பாலாடையையும் கிண்ணத்தையும் கொதிநீரில் இட்டு எடுக்க மறவாதீர்கள்.

கணவர் வெளியூரில் இருந்தால் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கின்றனர். நாள்தோறும் ஒரே நேரத்தில் பேசலாம். அந்தப் பேச்சில் குழந்தையைக் காட்டச் சொல்வதற்கு முன், “சாப்பிட்டாயா, தூங்கினாயா” என்று அவளைக் கேட்கலாம். பெண் குழந்தை என்று உறவினர் எவரேனும் முகம் சுளித்தால், அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் அவர்தான். தந்தையரில் பத்தில் ஒருவருக்கு இக்காலத்தில் மனச்சோர்வு ஏற்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்; குடிப்பது கூடியிருந்தால் அதையும் ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

தோட்டங்களில் நிரந்தரப் பணியிலிருக்கும் பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி உரிமையாகும். சிறு விவசாயிகளின் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குப் பச்சைத் தேயிலை பறிப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் கிடைப்பதில்லை. மூன்றாம் மாதத்திலேயே முதுகில் பையோடு சரிவில் நிற்கும் அந்தத் தாயிடம் உறங்கச் சொல்வது எளிது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது கடினம். இதை ஒரு குடும்பம் மட்டும் தீர்த்துவிட முடியாது. பக்கத்து வீடுகள் முறைவைத்துப் பார்த்துக்கொண்ட லைன்கள் இருந்தன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

கேட்க அஞ்சும் கேள்வி

மனநலத்தை அளக்கக் கருவி உண்டா என்றால், எளிய வினாத்தாள் ஒன்று உண்டு. 1987இல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல் அது. கடந்த 7 நாள்களில் மனநிலை எப்படியிருந்தது என்பது பற்றிய 10 கேள்விகள் கொண்டது. வேலூரில் சோதிக்கப்பட்ட தமிழ் வடிவமும் இருக்கிறது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசிக்கு வரும்போது, ஐந்து நிமிடத்தில் தாய் இதை நிரப்பிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் செவிலியர் படித்துக் காட்டுவார். அந்த வேளையில் உடன் வந்தவர்கள் சற்று வெளியே இருக்குமாறு கேட்டால் வருந்த வேண்டாம்.

அதன் பத்தாவது கேள்வி, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஏற்கெனவே இருந்தால், அதைச் சொல்ல ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே பிறக்கிறது. வீட்டிலும் நீங்கள் நேராகவே கேட்கலாம். “ஆம்” என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் தோட்டத்து மருந்துகளையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அன்றே அழைத்து வாருங்கள்.

சிகிச்சை எப்படியிருக்கும்

முதலில் இரத்தப் பரிசோதனை. இரத்தசோகையும் தைராய்டுக் குறைபாடும் மனச்சோர்வு போலவே தோற்றமளிக்கும்; இரண்டும் எளிதில் சரிசெய்யக்கூடியவை. சோர்வு மிதமானதாயின் ஆலோசனையே போதுமானது. அதற்கு எப்போதும் மனநல மருத்துவரே வேண்டுமென்பதில்லை. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில், அத்திஃப் ரகுமான் குழுவினர் ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற தாய்மாரை வீட்டிலேயே சந்தித்துப் பேசச் செய்தனர். குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, அவ்வாறு பேசப்பட்ட தாய்மாரில் 23 விழுக்காட்டினரிடமே சோர்வு எஞ்சியிருந்தது. பயிற்சி பெறாத பணிப்பெண்கள் வெறுமனே வந்து சென்ற வீடுகளில் அது 53 விழுக்காடு. 2008இல் வெளியான இந்த முடிவைப் படிக்குந்தோறும், நம் கிராம சுகாதாரச் செவிலியர்களின் நினைவே எங்களுக்கு வருகிறது.

கடுமையான சோர்வுக்கு மருந்து தேவைப்படும். “பால் கொடுக்கிறாளே, மாத்திரை எப்படிக் கொடுப்பது?” என்பது எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. மருத்துவரின் மேற்பார்வையில் பால் கொடுத்துக்கொண்டே அவற்றை உட்கொள்ளலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நான்காம் நாள் “ஒன்றும் பயனில்லை” என்று நிறுத்துவதும், மனம் தெளிந்த அன்றே நிறுத்துவதும் நோயைத் திரும்பக் கொண்டுவரும். மனப்பிறழ்வு நிலைக்கு உள்நோயாளியாகச் சேர்ந்தே சிகிச்சை பெற வேண்டும். தாயையும் சேயையும் ஒன்றாகவே சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவு பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தில் 2009 முதல் இயங்கி வருகிறது. மருத்துவமனையில் சேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவர் என்ற அச்சத்தினால் தயங்கும் குடும்பங்களுக்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

தடுப்பூசி குறித்தும் ஒரு சொல். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். தடுப்பூசி நமக்குப் புதிதன்று. ஆயினும் 2021 சனவரியில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது கருவுற்ற பெண்கள் விலக்கி வைக்கப்பட்டு, ஜூலை 2ஆம் நாளே அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் இரண்டாம் அலை வீசியது. அந்நாளில் பரவிய வதந்திகளின் எச்சம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கருக்காலத்தில் மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம்; ஐயமிருந்தால் எங்களிடமே கேளுங்கள்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். அவசரத்திற்கு 108. மழைக்காலத்தில் பாதை அடைபட்டிருக்கும் என்று நினைத்து அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். எந்த வழி திறந்திருக்கிறது என்பதை 108 ஊழியர்கள் பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அறிந்திருப்பர். வரும்போது தாய்சேய் நல அட்டை, உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு, குழந்தைக்கு இரண்டு மாற்றுத்துணி, இரவில் உடன் தங்கக்கூடிய ஒருவர் ஆகியவற்றோடு வாருங்கள்.